ராஜியும் மயில்ராவணனும்: ஒரு கணினி விளையாட்டின் கதைப்போக்கு

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது, "இந்தத் தடவை ஒரு வீடியோ கேமின் கதையைப் பற்றி எழுதலாமென்று இருக்கிறேன்" என்றேன். வந்தவர்களில் மூத்தவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "எப்பவும் கம்பனைப் பத்தித்தானே சார் எழுதுவீங்க? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். உடம்பு நன்றாகவே இருக்கிறது. எழுதப்போவதும் ஒரு வகையில் கம்பனைப் பற்றித்தான். எப்படி என்பதை வாசகர்கள் போகப்போகக் காணலாம்.

விளையாட்டின் பெயர் 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'. புனே நகரத்து நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் உருவாக்கியது. 2017இல் பொதுமக்களிடம் இணையவழி நிதி திரட்டப் பார்த்தார்கள், அது கைகூடவில்லை. ஆனாலும் விட்டுவிடாமல் முடித்து, 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கும், அதே ஆண்டு அக்டோபரில் கணினி முதலியவற்றுக்கும் வெளியிட்டார்கள். அவ்வாண்டு கேம் அவார்ட்ஸ் விருதுகளில், முதல் படைப்புக்கான பிரிவின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற ஐந்தில் இதுவும் ஒன்று. நம் நாட்டுப் புராணச் சூழலில் நம் நாட்டாரே செய்த விளையாட்டு ஒன்று உலக அரங்கில் அவ்வளவு தூரம் போனது அபூர்வம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் நான் குறை சொல்லப்போவதால் இதை முன்னாலேயே சொல்வது நியாயம்.

எங்கள் வீட்டில் இதை விளையாடியவன் பேரன். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவன். விளையாடியவனுடைய விமரிசனம் வேறாக இருக்கும். இது பார்த்தவனுடைய விமரிசனம். ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய விளையாட்டை அவன் பள்ளிக்கூடத்துக்கும் டியூஷனுக்கும் இடையே இரண்டு வாரம் விளையாடினான். ஆகவே நான் பார்த்ததும் தொடர்கதை வாசிப்பது போலத்தான்.

கதை இதுதான். ராஜி என்பவள் வித்தை காட்டிப் பிழைக்கும் சிறுபெண். அவளுக்குக் கோலு என்று ஒரு தம்பி. தேவாசுர யுத்தம் நடந்து காலம் வெகுவாகக் கடந்துவிட்டது. மனிதர்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். அந்த மறதியில் அசுரர்கள் திரும்ப வருகிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் புகுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கோலுவும் போகிறான். துர்க்கை இந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுத்துத் திரிசூலம் அருள்கிறாள். பின்னால் விஷ்ணுவின் வில்லும் கிடைக்கிறது. ராஜி தம்பியைத் தேடிக் கோட்டைகளையும், மாயநகரங்களையும், பாலைவனத்தையும் கடந்து போய், அசுரர் தலைவன் மகாபலாசுரனோடு மோதுகிறாள். அவள் நடக்கிற வழி நெடுக, துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து அவளைப் பார்த்தபடி தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். நாம் அதைக் கேட்கிறோம்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பேரன் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்: "தாத்தா, மகாபலிக்கு எதுக்கு இவ்ளோ தேஷ்யம்?"

கொச்சிக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: தேஷ்யம் என்றால் கோபம். எங்கள் வீட்டுத் தமிழில் இப்படி நாலைந்து மலையாளச் சொற்கள் குடியேறிப் பல காலம் ஆகிவிட்டது. "மகாபலி இல்லடா, மகாபலாசுரன், வேற ஆளு" என்று திருத்தினேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்குத் தெரிந்த மகாபலி ஓணத்துக்கு வருகிறவர். குடை பிடித்து, தொந்தி வைத்து, பள்ளிக்கூட மேடையில் எல்லாருக்கும் கை காட்டிச் சிரிக்கிறவர். வாமனன் கோயில் கொண்டிருக்கும் திருக்காக்கரை இதே கொச்சியின் விளிம்பில்தான் இருக்கிறது. வாமனனைக் கும்பிடும் அதே ஊரார், அவன் அழுத்திய அசுரனுக்காக ஆண்டுதோறும் வாசலில் பூ இடுகிறார்கள். இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளைக்கு, அசுரன் என்பதாலேயே ஒருவன் கெட்டவன் என்று சொன்னால் போதவில்லை. காரணம் கேட்கிறான். விளையாட்டிலோ காரணம் இல்லை. மகாபலாசுரனுக்குப் பகை இருக்கிறது, பலம் இருக்கிறது, படை இருக்கிறது. வீடு இல்லை. தாய், தங்கை, பிள்ளை என்று யாரும் இல்லை. அவன் வாய் திறந்து சொல்ல ஒரு நியாயமும் கொடுக்கப்படவில்லை. அடித்து வீழ்த்துவதற்கென்றே செய்து நிறுத்திய கொலுப்பொம்மை போல இருக்கிறான்.

பையன் கேட்டது சும்மா கேட்ட கேள்வியாக இருக்கலாம். எனக்கு அது இந்தக் கதையமைப்பின் மேல் வைக்கக்கூடிய விமரிசனங்களில் முதன்மையானதாகப் பட்டது.

இனி நல்லதைச் சொல்கிறேன். ராஜிக்கு ராஜவம்சம் கிடையாது. பிறக்கும்போதே அசரீரி அறிவித்த நாயகி அல்லள். வித்தைக்காரப் பெண் என்பதால் அவள் பாய்வதும், தூணில் சுழல்வதும், சுவரில் ஓடுவதும் பொருந்துகின்றன. தெய்வம் கொடுத்தது ஆயுதம் மட்டும், உடம்பின் வித்தை அவளுடையது. கயிற்றில் நடக்கும் பெண்ணை எத்தனையோ கடைத்தெருக்களில் பார்த்து, காசு போட்டோ போடாமலோ கடந்து வந்திருக்கிறோம். அப்படிப்பட்டவளைக் காப்பியத் தலைவியாக்கியது துணிச்சல்தான். தூக்கிப்போகப்பட்ட பெண்ணை ஆண் மீட்கும் பழைய வாய்பாட்டைத் தலைகீழாக்கித் தம்பியை அக்காள் மீட்கிறாள் என்பதும் சிறப்பு. கதையில் உயிருள்ள இடம் அந்தப் பாசம்தான். "கோலூ" என்று அவள் கூப்பிடும் குரலுக்காகவே என் மனைவி அடுக்களையிலிருந்து இரண்டு தடவை வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஓவியமும் அழகு. வடக்கே இமயமலை அடிவாரத்துப் பஹாடி ஓவிய முறையைத் தழுவி, ராஜஸ்தானத்துக் கோட்டைகளைப் போன்ற கட்டடங்களை அமைத்திருக்கிறார்கள். பாலித்தீவின் புராண மரபும் கலந்திருக்கிறது. பல இடங்களில் சுவரோவியங்கள் வருகின்றன. ராஜி அவற்றின் அருகே போய் நின்றால் துர்க்கையின் குரல், அந்தச் சித்திரத்தில் உள்ள தேவர்கதையை எடுத்துச் சொல்கிறது.

இந்தச் சுவர்களைப் பார்த்ததும் எனக்கு நம் ஊர் அரண்மனை நினைவுக்கு வந்தது. மட்டாஞ்சேரியில் இருக்கும் யாருக்கும் வராமலிருக்காது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தது. 1663க்குப் பின் டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் வாங்கிக்கொண்டது. அதன் பள்ளியறைச் சுவர்களில் ஏறத்தாழ 300 சதுர அடிக்கு இராமாயணம் எழுதப்பட்டிருக்கிறது. தசரதன் வேள்வியில் தொடங்கும் அந்தச் சித்திரங்களில் விரற்கடை வெற்றிடம் கிடையாது. உருவத்தோடு உருவம், கிரீடத்தோடு கிரீடம், இலையோடு இலை நெருக்கியடித்து நிற்கும். அரக்கனானாலும் அவன் மேனியிலும் அதே பொறுமையோடு மணிமணியாக நகை எழுதியிருப்பான் ஓவியன். அந்தச் சுவர் வாய் திறந்து எதுவும் சொல்லாது. தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் நின்று, "இது இன்னார், இது இந்த இடம்" என்று சொல்ல வேண்டும். தெரியாதவன் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பத்துத் தடவை போனாலும் பதினொன்றாம் தடவை ஒரு மூலையில் புதிதாக ஒரு குரங்கு தட்டுப்படும். ராஜியின் சுவரோ தானே பேசிவிடுகிறது. பேசி முடித்ததும் அதில் மிச்சம் ஒன்றுமில்லை. பையன் அடுத்த கதவை நோக்கி ஓடிவிடுகிறான்.

இன்னொன்று. சுவரில் சொல்லப்படும் அந்தத் தேவர்கதைகளுக்கும், தம்பியைப் பறிகொடுத்த பெண்ணுக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை. அது அவளுக்காகச் சொல்லப்படவில்லை. இந்தப் புராணம் அறியாத அயல்நாட்டு ஆட்டக்காரருக்காகச் சொல்லப்படுகிறது. அயலாருக்கு அறிமுகப்படுத்தும் வேலையைக் கதையின் தலையில் ஏற்றிவிட்டதால், தம்பியைத் தேடி ஓட வேண்டியவள் நடுவழியில் நின்று உபந்நியாசம் கேட்கிறாள். (நம் சங்கத்து ஆண்டுவிழா நாடகங்களிலும் இந்தக் கோளாறு உண்டு. கோவலன் மேடைக்கு வருமுன் ஒலிபெருக்கியில் ஒருவர் சிலப்பதிகாரச் சிறப்பைக் கால் மணி நேரம் சொல்லுவார். அவர் நானேதான் என்பதால் இதற்குமேல் விரிக்கவில்லை.)

இதே வகை விளையாட்டில் வேறு விதமாகவும் கதை சொல்ல முடியும். 2003இல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சேண்ட்ஸ் ஆஃப் டைம்' என்ற விளையாட்டை ராஜிக்கு முன்னோடி எனலாம், சுவரில் ஓடுவதும் தூணில் தொங்குவதும் அதிலும் உண்டு. அதில் கதை சொல்பவன் இளவரசனே. நடந்து முடிந்ததை ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நாம் ஆட்டத்தில் தவறிச் செத்தால், "இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை" என்று அவன் குரல் தன்னையே திருத்திக்கொள்ளும். தோற்பதும்கூடக் கதைக்குள் அடங்கிவிடுகிறது. நம் வேதாளக் கதையில் இதற்கும் ஒருபடி மேலே போயிருக்கிறார்கள். கதையைச் சொன்ன வேதாளம் முடிவில் கேள்வி கேட்கும். விக்கிரமாதித்தன் வாய் திறந்தால் மறுபடி முருங்கைமரம். கேட்பவன் செய்கையால் கதை நகர்கிறது. ராஜியை வழி நெடுக ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

இப்போது கம்பனுக்கு வருகிறேன்.

ராஜியின் கதையில் முக்கியமான திருப்பங்கள் நிழற்பாவைக் காட்சிகளாக வருகின்றன. வெளிச்சத் திரையில் கறுத்த உருவங்கள் அசைய, குரல் கதையைச் சொல்லும். முதல் காட்சி வந்தவுடனேயே "தோல்பாவைக்கூத்து!" என்று நான் உரக்கச் சொல்லிவிட்டேன். கொச்சியிலிருந்து ரயிலேறிப் போனால் ஷொரணூர்ப் பக்கம், பாரதப்புழையின் கரையில் பத்திரகாளி கோயில்களில் இன்றும் கோடைகாலங்களில் நடக்கிற கூத்து அது. கூத்துமாடம் என்று தனி மேடை. 42 அடி நீளம் என்பது முறை. திரைக்குப் பின்னால் 21 விளக்குகள், தேங்காய் மூடிகளில். ஏழு, பதினான்கு, இருபத்தொரு இரவுகள் என்று கோயிலுக்குத் தக்கபடி நடக்கும். பாடப்படுவது கம்பராமாயணம். தாய்மொழி மலையாளமான புலவர்கள் தமிழ்ப் பாட்டைச் சொல்லி, தமிழும் மலையாளமும் கலந்த நடையில் பொருள் விரிக்கிறார்கள். அவர்களுடைய ஏட்டுக்கு ஆடல்பற்று என்று பெயர். கம்பனை அரங்கில் இரவு முழுக்க உயிரோடு வைத்திருக்கும் வேலையைக் கேரளத்துப் புலவர்கள் செய்துவருவது, கொச்சித் தமிழர்களாகிய நாம் பெருமையோடும் கொஞ்சம் வெட்கத்தோடும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. கூனத்தறை ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஆண்களே ஆடிவந்த இக்கலையில் அண்மைக்காலமாக அக்குடும்பத்துப் பெண்கள் தனிக்குழுவாகவும் ஆடுகிறார்கள்.

கூத்தின் தொடக்கம் பற்றி ஒரு கதை உண்டு. இராமன் இராவணனை வதைத்தபோது, பத்திரகாளி தாரிகாசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாளாம். அதனால் அந்த யுத்தத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அவள் குறையைத் தீர்க்கத்தான் ஆண்டுதோறும் அவள் சந்நிதியில் இராமாயணம் ஆடிக் காட்டப்படுகிறது. நள்ளிரவுக்கு மேல் மைதானத்தில் ஆளே இருக்காது. ஒரு நாய் படுத்திருக்கும். புலவர்கள் கவலைப்படுவதில்லை. கேட்க வேண்டியவள் எதிரே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ராஜியின் கதைப்போக்கு எங்கே இடறுகிறது என்பது இதைக் கொண்டு பார்த்தால் விளங்கும். கூத்தில் தேவி கேட்கிறாள், மனிதன் சொல்கிறான். விளையாட்டில் தேவி சொல்கிறாள், மனிதப் பெண் கேட்கிறாள். பாவையையும் விளக்கையும் திரையையும் கடன் வாங்கியவர்கள், யார் யாருக்குச் சொல்வது என்ற உறவை வாங்காமல் விட்டுவிட்டார்கள். தேவி எல்லாம் அறிந்து, எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே வந்தால் அந்தப் பெண் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? அவளுக்கு என்ன தோன்றியது, எதற்குப் பயந்தாள், தம்பி கிடைக்கமாட்டான் என்று ஒரு கணமாவது நினைத்தாளா? அவள் வாயால் நாம் அறிந்தது மிகக் குறைவு. விஷ்ணு கேட்க, துர்க்கை அவளுக்காகப் பரிந்து பேசுகிறாள். அவளுக்கே வாய் இருக்கிறதே!

அசுரன் விஷயத்திலும் கூத்து வேறு வழி போகிறது. கம்பனில் இல்லாத ஒரு பகுதியைப் புலவர்கள் ஆடுகிறார்கள். சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் காட்டில் தவம் செய்கிறான். இலக்குவன் அங்கே ஆள் இருப்பது தெரியாமல் வெட்டிவிடுகிறான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயாகத்தான் சூர்ப்பணகை பஞ்சவடிக்கு வருகிறாள். அதற்குப்பின் அவள் செய்வது எல்லாம் வேறொரு கனம் பெறுகிறது. அவள் பக்கம் நியாயம் என்று புலவர் சொல்வதில்லை. அவளுக்கும் ஒரு பிள்ளை இருந்தான் என்று மட்டும் சொல்கிறார். என் பேரன் கேட்ட தேஷ்யத்துக்கு இதுதான் பதில். ராஜியின் ஆசிரியர்கள் மகாபலாசுரனுக்கு இப்படி ஒரு காட்சி, இரண்டு நிமிட நிழற்பாவைக் காட்சி, கொடுத்திருந்தால் போதும்.

சிறிய குழு, கையில் பணமில்லை, ஐந்து மணி நேரக் கதையில் எவ்வளவுதான் சேர்ப்பது என்று கேட்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் சமாதானமாகப் பார்த்தேன். ஆனால் எங்கள் ஆச்சி மயில்ராவணன் கதையை ஒரே இரவில் சொல்லி முடிப்பாள். அதுவும் ராஜியின் கதையும் அடித்தளத்தில் ஒன்றுதான்: தூக்கிப்போகப்பட்டவர்களைத் தேடி ஒருவர் அரக்கர் உலகுக்குள் இறங்குவது.

அம்பாசமுத்திரத்திலிருந்து பஜார் ரோடு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுத வந்த தாத்தாவுடன் கொச்சிக்கு வந்தவள் ஆச்சி. எழுதப் படிக்கத் தெரியாது. இரவில் சுக்கும் மிளகும் மணக்கும் மாடியறையில் எங்களை வரிசையாகப் படுக்கவைத்துச் சொல்லுவாள். பாதாளத்து அரசன் மயில்ராவணன் இராம இலக்குவரைக் கவர வருவான் என்று தெரிந்து, அனுமான் தன் வாலையே சுற்றிக் கோட்டையாக்கிக் காவல் இருக்கிறான். அவன் வீடணன் வேடத்தில் வந்து உள்ளே புகுந்து, இருவரையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விடுகிறான். அனுமான் தாமரைத் தண்டுக்குள் இறங்கிப் பாதாளம் போகிறான். வாசலில் மச்சவல்லபன். எவ்வளவு அடித்தாலும் விழமாட்டேன் என்கிறான். யாரடா நீ என்று கேட்டால், அனுமான் மகன் என்கிறான்! கடல் தாண்டியபோது சிந்திய வியர்வையை மீன் குடித்துப் பிறந்தவன். உள்ளே போனால் தண்ணீர்க்குடத்தோடு அழுதுகொண்டு வருகிறாள் தூரதண்டிகை, மயில்ராவணனின் கூடப்பிறந்தவள். அவள் மகன் நீலமேகனையும் இராமலட்சுமணரோடு காளிக்குப் பலியிடப் போகிறார்கள். அவள் குடத்தில் ஒளிந்து அனுமான் நுழைகிறான். வாசலில் ஒரு தராசு. நுழைகிற ஒவ்வொருவரையும் நிறுத்துப் பார்க்கும் தராசு. மயில்ராவணன் உயிர் அவன் உடம்பில் இல்லை, வண்டுகளில் இருக்கிறது என்ற இரகசியத்தைச் சொல்கிறவளும் அவளே.

இதில் விளையாட்டுக்கு வேண்டிய எது இல்லை? இறங்கும் வழி, காவல், மறைந்து நுழைதல், நிறுவை யந்திரம், ஒளித்துவைத்த உயிர், எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் நிற்பவர் உறவுக்காரர். முதல் வாசலில் மகன். இரண்டாம் வாசலில் பகைவனுடைய தங்கை. கதவைத் திறப்பது சாவி அல்ல, ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும் உண்மை. ராஜியின் கதவுகளோ சக்கரச் சித்திரங்களைத் திருப்பிப் பொருத்தினால் திறக்கின்றன. பொருத்தும்போது கைக்கு வேலை இருக்கிறது, மனசுக்கு இல்லை.

முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மயில்ராவணன் செத்தபின் பாதாளத்துக்கு நீலமேகனை அரசனாக்கிவிட்டுத்தான் அனுமான் மேலே வருவான். அரக்கர் உலகும் தொடர்ந்து நடக்க வேண்டுமே என்ற கவலை ஆச்சிக்கு இருந்தது. ராஜியின் கதை முடியாமலே சட்டென்று அறுகிறது. அடுத்த பாகத்துக்காகக் கதவைத் திறந்துவைத்திருக்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனாலும் இரண்டு வாரம் "கோலூ, கோலூ" என்று அவளோடு ஓடியவனுக்கு அது ஏமாற்றம். பேரன் எழுத்துகள் ஓடி முடியும்வரை காத்திருந்து, அதன்பிறகும் ஏதாவது வருமென்று உட்கார்ந்திருந்தான்.

அன்று இரவு அவனுக்கு மயில்ராவணன் கதையைச் சொன்னேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்: அதுவரை சொன்னதில்லை. அவனுக்குத் தமிழ் படிக்க வராது என்று வருஷக்கணக்காகக் குறைப்பட்டுக்கொண்ட நான், படிக்காமலே கேட்கக்கூடிய கதையைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன். நடுவில் பல இடம் மறந்துபோயிருந்தது, பெயர்கள் தடுமாறின. மச்சவல்லபனிடம் வந்தபோது படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"அப்பான்னு தெரிஞ்சதுக்கப்புறம் வழி விட்டானா?"

ஆச்சி இந்த இடத்தில் என்ன சொன்னாள் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. "நீயா இருந்தா என்ன செய்வே?" என்று கேட்டேன். அவன் யோசித்துக்கொண்டிருந்தான். கீழே பஜார் ரோட்டில் லாரி ஒன்று பின்வாங்கும் சத்தம் கேட்டது. "மொதல்ல அவன் யார்கிட்ட வேலை பாக்கறான்னு சொல்லு தாத்தா" என்றான்.